கடைசி வரியையும் வாசித்த லெஃப்ட் பேக்

போன மாதம் கண் ஆஸ்பத்திரியில் காப்பி அடித்துப் பிடிபட்டேன். எழுபதைத் தாண்டியவள், பேரப் பிள்ளைகளுக்கு நேர்மை பற்றி அடிக்கடி வகுப்பெடுப்பவள், இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வலது கண்ணைச் சோதித்தபோது எதிரே தெரிந்த எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டேன். இடது கண்ணின் முறை வந்ததும் மளமளவென்று ஒப்பித்தேன். இடது கண்ணில் எனக்குத் தெரிந்தது மோரில் கரைத்த வெளிச்சம் மட்டுமே. கண்புரை. நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் ஒரு கண்ணை முடித்துக்கொண்டு மறு கண்ணுக்குத் தேதி வாங்கியிருப்பீர்கள். சோதித்த பெண் நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “ஆன்ட்டி, அது போன கண்ணுக்குப் போட்ட லெட்டர்ஸ் லா. இப்ப வேற போட்டிருக்கேன்,” என்றாள்.

ஆப்பரேஷன் பயம். வேறு காரணம் இல்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோது, இது பரம்பரை வியாதி என்று தெரிந்தது. கண்புரையைச் சொல்லவில்லை, மனப்பாடத்தைச் சொல்கிறேன். இதே மாதிரி ஓர் எழுத்து அட்டையை வைத்துத்தான், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு பென்சில் துணையோடு என் அப்பாவின் காற்பந்து வாழ்க்கையை முடித்துவைத்தேன்.

அப்பா லெஃப்ட் பேக். கோலுக்கு முன்னால் இடது பக்கம் நின்று, வருகிறவனை வரவிடாமல் செய்கிற வேலை. அந்தக் காலச் சிங்கப்பூரில் பந்து விளையாட யாரும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுப்பதில்லை. ஒவ்வொரு அரசாங்க டிபார்ட்மெண்டுக்கும் ஒரு டீம் இருந்தது. நல்ல ஆட்டக்காரன் கண்ணில் பட்டால் ஏதாவது ஒரு வேலையில் அவன் பேரை எழுதி உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அப்பா பேருக்கு ஸ்டோர் கிளார்க். காலையில் ஆணியும் குழாயும் எடுத்துக் கொடுப்பார். மூன்று மணிக்கு மேல் ஃபாரர் பார்க் திடலில் இருப்பார். வேலையோடு குவார்ட்டர்ஸும் கிடைத்தது. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், வரிசையாகப் பன்னிரண்டு வீடு, வரிசைக்கு ஒரு குழாய். கோல்கீப்பர், மலாய்க்காரர், கடைசி வீடு. நாங்கள் நாலாவது.

முன்வரிசை ஆட்டக்காரனுக்குக் கோல் போட்டால் பேப்பரில் பேர் வரும். பேக் ஆடுகிறவனுக்குத் தப்பு செய்தால் மட்டுமே வரும். அப்பாவின் பேர் வந்த பேப்பர் துண்டுகள் நாலை அம்மா ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தாள். மூன்றில் சொந்த கோலுக்கே பந்தை அடித்திருந்தார். நாலாவது, திருமண வாழ்த்து.

அவருடைய பூட்ஸ் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கணுக்காலுக்கு மேலே ஏறும் கனத்த தோல். அடியில் தோல் குமிழ்கள் ஆணியடித்து இறுக்கியிருக்கும். மழையில் ஆடிவிட்டு வந்தால் ஒவ்வொன்றும் ஓர் அம்மிக்குழவி கனம். அதற்குள் பேப்பரைச் சுருட்டித் திணித்து, தேங்காய் எண்ணெய் தடவி, அடுப்புக்குத் தள்ளி வைப்பார். ஈரத்தோலும் எண்ணெயும் மீன்குழம்பும் கலந்த வாசனைதான் எங்கள் வீட்டு வாசனை. பிற்காலத்தில் விலையுயர்ந்த கடைகளில் தோல் பையை முகர்ந்து பார்த்தபோது எனக்குப் பசித்திருக்கிறது.

அப்பாவுக்குக் கண் சரியில்லை என்பது எனக்கு எப்போது தெரிந்தது என்று சொல்வது கடினம். பஸ் நிறுத்தத்தில் தூரத்தே வண்டி வந்தால், “என்ன நம்பர், சொல்லு பாப்போம்,” என்பார். எனக்குக் கணக்கு சொல்லித் தருகிறார் என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். தையல்கடை வாசலில் சட்டை மாட்டி நிறுத்தியிருந்த பொம்மைக்கு ஒருநாள் வணக்கம் சொன்னார். சொல்லிவிட்டு, பதில் வராததால், “மரியாதை தெரியாத ஆளு,” என்றார். அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அவளுக்கு முன்னமே தெரியும். கோல்கீப்பருக்கும் தெரியும். பன்னிரண்டு வீட்டில் வேறு யாருக்கும் தெரியக்கூடாது.

ஆறடிக்குள் வந்த எதிராளியை அப்பா விட்டதே இல்லை. அதற்கு அப்பால் எல்லாம் அவருக்குப் புகைமூட்டம். அதனால் அவர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். ஆட்டம் முழுக்கப் பின்வரிசையில் யாரும் வாயை மூடக்கூடாது. பந்து எங்கே, யார் வருகிறான், எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அவரும் கத்துவார்; எல்லாரையும் கத்த வைப்பார். மலாயும் தமிழும் கலந்த அந்த இரைச்சலைக் கேட்டால் தேக்கா மீன் மார்க்கெட்டில் ஏலம் நடக்கிறது என்று தோன்றும். எதிர் டீம் ஆட்கள் நடுவரிடம் புகார் செய்தார்கள். பேசக்கூடாது என்று சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று கோச் கேட்டார். கோச் ஒரு யூரேசியர்; வாயில் அணைந்த பைப் எப்போதும் இருக்கும். அவருக்கும் விஷயம் தெரியாது என்றுதான் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். ஒருமுறை அப்பா எந்த நெருக்கடியும் இல்லாமல் பந்தை வெகு அழகாகக் கோட்டுக்கு வெளியே நின்ற லைன்ஸ்மேனுக்குப் பாஸ் செய்தார். கோச் பைப்பை வாயிலிருந்து எடுத்து அதன் கிண்ணத்துக்குள் சற்று நேரம் பார்த்துவிட்டு, மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். அதோடு சரி.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் சென்டர் ஹாஃப் ஆடியவருக்குக் கால் முறிந்தது. கட்டுப் பிரித்த ஒரு மாதத்தில் அவர் வீட்டு வாசலில் லாரி வந்து நின்றது. கட்டில், தையல் மிஷின், சாமி படம், தலைகீழாகக் கட்டிய நாற்காலி என்று ஏற்றினார்கள். அவருடைய மனைவி முன்சீட்டில் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்; யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வரிசையே வாசலில் நின்று பார்த்தது. “காலுக்குக் குடுத்த வீடு,” என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. “கால் போச்சு, வீடு போச்சு.” அன்றிலிருந்து அம்மா அப்பாவின் கண்ணைப் பற்றி வீட்டுக்குள்கூட உரக்கப் பேசமாட்டாள். கண்ணாடிக்கடைப் பக்கம் போவதும் இல்லை. சிராங்கூன் ரோட்டில் ஒருவர் கண்ணாடி வாங்கினால், அவர் வீடு வந்து சேர்வதற்குள் சேதி வந்து சேர்ந்துவிடும்.

அப்போதுதான் புது உத்தரவு வந்தது. மெர்டேகா, சுதந்திரம் என்று முச்சந்திக்கு முச்சந்தி பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். புதிதாக உத்தரவு போடுவதில் எல்லாருக்கும் ஓர் உற்சாகம் இருந்தது. டீமில் இருக்கிற எல்லாரும் மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும். நெஞ்சு, முட்டி, கண்.

அப்பா அன்று சாப்பிடவில்லை. அம்மா சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே யோசிக்கிற வழக்கம் அவளுக்கு. கை கழுவும்போது என்னைப் பார்த்தாள். லாரி டிரைவர்களைச் சோதிக்கிற எழுத்து அட்டை டிரெஸ்ஸர் ரூமில் ஆணியில் தொங்குவதை நானும் பார்த்திருக்கிறேன். டிரெஸ்ஸர் என்றால் டாக்டர் வராத நாளில் மருந்து கொடுக்கிறவர். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எந்த வலிக்கும் அவரிடம்தான் போவோம்.

“நீதான் பள்ளிக்கூடத்துல பார்த்து எழுதுறதுக்கு நல்ல பேரு வாங்குவியே,” என்றாள் அம்மா. “வயித்து வலின்னு போ.”

போனேன். வயிற்று வலி என்றால் டிரெஸ்ஸரிடம் ஒரே மருந்துதான், விளக்கெண்ணெய். அவர் உள்ளே போய்ப் புட்டியை எடுத்து, கரண்டியைத் துடைத்து வருவதற்குள் நாலு வரி எழுதினேன். பிறகு வாயைத் திறக்க வேண்டியதாயிற்று. அந்த எண்ணெய் தொண்டையில் இறங்கும் வேகத்தை நினைத்தால் இப்போதும் தோள் சிலிர்க்கிறது. அவசரமே இல்லாமல், வழியெல்லாம் விசாரித்துக்கொண்டு இறங்கும். மறுநாள் முழுக்க நான் குழாயடிக்குப் பின்னால் இருந்த வரிசைக் கழிவறையில் குடியிருந்தேன். அதற்கு மறுநாள் மீதி வரிகளுக்காக மறுபடியும் வயிற்று வலி வந்தது, மறுபடியும் எண்ணெய்.

எங்கள் தமிழ்ப் பள்ளியில் ஒரு விதி இருந்தது. கரும்பலகையில் இருப்பதை ஒரு புள்ளி விடாமல் எழுத வேண்டும். மூலையில் இருக்கிற தேதி, வருகைப் பதிவு, வாத்தியார் போட்டுப் பார்த்த கோடு எல்லாமே. தேதியை விட்டதற்காக நான் ஒரு முழுப் பாடவேளை பெஞ்சு மேல் நின்றிருக்கிறேன். ஆகவே அட்டையையும் அப்படியே எழுதினேன். மேலே பெரிய எழுத்து ஒன்று; கீழே போகப் போகச் சின்னதாகும் வரிகள்; எல்லாவற்றுக்கும் அடியில், மூக்கு அட்டையில் இடிக்கும்படி குனிந்தால்தான் தெரிகிற பொடி எழுத்தில் ஒரு வரி. ஆங்கிலம் எனக்கு அப்போது எழுத்து எழுத்தாகத்தான் தெரியும். என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. படம் வரைவது போல வரைந்துகொண்டேன்.

அடுத்த ஒரு வாரம் வீட்டில் அதுவே பாராயணம். அப்பா முகம் மழிக்கும்போது சொல்வார். பூட்ஸுக்கு எண்ணெய் போடும்போது சொல்வார். தப்பினால் அம்மா திருத்துவாள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து எழுதத் தெரியாத அம்மாவுக்கு, அம்மியில் மிளகாய் அரைக்கிற தாளத்தில் அட்டை முழுக்க அவருக்கு முந்தியே மனப்பாடமாகிவிட்டது. அம்மாவைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் லெஃப்ட் பேக் இடம் அவளுக்கே கிடைத்திருக்கும்.

அன்று நடந்ததை நான் பார்க்கவில்லை. அப்பாவுக்குப் பின்னால் வரிசையில் நின்ற கோல்கீப்பர் சொன்னதுதான். வருஷத்துக்கு ஒரு கைப்பிடி மசாலா சேர்த்துச் சொல்வார் என்றாலும் அடிப்படை மாறியதில்லை. அப்பா நெஞ்சில் தேறினார், முட்டியில் தேறினார். பிறகு கோட்டில் நிற்கவைத்து வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தார். தயக்கமே இல்லை, அம்மி தாளம் மட்டும் கொஞ்சம் இருந்ததாம். டாக்டர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். நாலாவது வரியிலேயே திருப்தியாகிக் குனிந்து எழுதத் தொடங்கிவிட்டார். அப்பா நிறுத்தவில்லை. ஐந்து, ஆறு, ஏழு. வரிகள் தீர்ந்தன. அப்பா தீரவில்லை. அதே குரலில், அதே வேகத்தில், லண்டனில் அந்த அட்டையை அச்சடித்த கம்பெனியின் பேரை, அண்ட் சன்ஸை, தெருவை, கதவு எண்ணை எல்லாம் எழுத்து எழுத்தாகச் சொல்லி முடித்தார்.

டாக்டர் பேனாவை வைத்தார். எழுந்து அட்டைக்குப் பக்கத்தில் போனார். குனிந்தார். போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றி வேறு கண்ணாடி மாட்டினார். பிறகு டிரெஸ்ஸரிடம் பூதக்கண்ணாடி கேட்டு வாங்கினார். நெடுநேரம் பார்த்துவிட்டு, அட்டையின் பக்கத்தில் நின்றபடியே கையை உயர்த்தினார்.

“எத்தினை விரல் எண்டு சொல்லும், பாப்பம்.”

அப்பா அந்தத் திசையில் மரியாதையாகப் பார்த்தார்.

“கையா காட்டுறீங்க, டாக்டர்?”

டாக்டர் மேசைக்குத் திரும்பினாராம். ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, கோச்சிடம் கொடுக்கச் சொல்லி டிரெஸ்ஸரை அனுப்பினார்.

அப்பாவும் கோல்கீப்பரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஏறி ஓட்டக்கூடத் தெம்பில்லாமல் வந்தார்கள் என்று தெரிந்தது. விஷயத்தைக் கேட்டதும் நான் என் நோட்டை எடுத்து அந்த வரியைப் பார்த்தேன். அவ்வளவு ஒழுங்காக என் வாழ்நாளில் நான் வேறு எதையும் எழுதியதில்லை. அழத் தொடங்கினேன். அப்பா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நோட்டைக் கையில் வாங்கி, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கே. ஒரு எழுத்து தப்பு இல்ல,” என்றார். இதைவிடக் கடுமையான ஒரு வசவை எனக்கு யாரும் இதுவரை கொடுத்ததில்லை.

இனி எந்தத் தாளிலும் கடைசி வரியைப் படிப்பதில்லை என்று அன்றைக்கே சத்தியம் செய்துகொண்டேன்.

வியாழக்கிழமை மாலை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கான பெயர்ப்பட்டியலை ஸ்டோர் வாசல் பலகையில் ஒட்டுவார்கள். அப்பாவுக்குப் போகத் தைரியம் இல்லை. போனாலும் ஊர் பார்க்கப் பலகையில் மூக்கை ஒட்டித்தான் படிக்க வேண்டும். நான் ஓடினேன். டைப் அடித்த தாள். பதினொரு பேர். லெஃப்ட் பேக் என்ற இடத்தில் வேறொருவன் பேர். அதற்குக் கீழே ரிசர்வ் மூன்று பேர். அங்கேயும் அப்பா இல்லை. அதற்கும் கீழே, தாளின் விளிம்பில், ஏதோ நெருக்கி அடித்த ஒரு வரி இருந்தது. கடைசி வரி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சத்தியம் என்றால் சத்தியம்.

வீட்டுக்கு வந்து, “இல்லப்பா,” என்றேன்.

பிறகு இரண்டு நாள் எங்கள் வீட்டில் நடந்ததை இப்போது சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது. அப்பா காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டு ஸ்டோர் பக்கமே போகவில்லை. அம்மா லாரி வருவதற்கு முன்னாலேயே தயாராக இருக்க விரும்பினாள். சென்டர் ஹாஃபின் மனைவி மாதிரி ஊர் பார்க்க அவசரமாக ஏற்றக்கூடாது. நாமாகக் கிளம்பியது போல இருக்க வேண்டும். பாத்திரங்களைப் புடவையில் கட்டினாள். சாமி படத்தைத் துண்டில் சுற்றினாள். தொட்டியில் இருந்த கறிவேப்பிலைச் செடியையும், அவள் ஆசையாக வளர்த்த சேவலையும் பக்கத்து வீட்டு அத்தையிடம் கொடுத்து, “வச்சுக்குங்க, நாங்க ஊருக்குப் போறோம்,” என்றாள். எந்த ஊருக்கு என்று அத்தை கேட்கவில்லை. கேட்காததே அம்மாவுக்கு உறுத்தியது.

கிராஞ்சியில் தனக்குத் தெரிந்த ஒருவர் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார், போய்க் கேட்கலாம் என்றார் அப்பா.

“சாயங்காலம் கோழியை அடைக்கும்போது எது கோழி, எது கல்லுன்னு யாரு சொல்றது?” என்றாள் அம்மா.

“நீயும் வந்து கத்து.”

அம்மா சிரித்தாள். சிரித்தது அவளுக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது. உடனே வேறு மூட்டையைக் கட்டப் போனாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் பயிற்சி. அப்பா போகவில்லை. முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். பூட்ஸ் டிபார்ட்மெண்டுடையது, திருப்பிக் கொடுக்க வேண்டும். கண்ணால் பார்க்கவில்லை, விரலால் தடவித் தடவி ஒவ்வொரு குமிழாகச் சேற்றைச் சுரண்டினார். கயிற்றைக் கழற்றி அலசிக் காயவைத்து மறுபடி கோர்த்தார். புதிதாக வாங்கி வந்த அன்றுகூட அது அப்படி மின்னியிருக்காது. அதைப் பேப்பரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். திடலிலிருந்து விசில் சத்தம் கேட்கிற தூரம்தான் எங்கள் வீடு. ஒவ்வொரு விசிலுக்கும் அவர் கால் விரல்கள் மட்டும் அசைந்தன.  அந்தக் காலைப் பார்க்கக்கூடாது என்று உள்ளே போய்விட்டேன்.

மூன்றரை மணிக்குக் கோல்கீப்பர் சைக்கிளில் வந்தார். வேர்த்துக் கொட்டியது. வாசலில் மூட்டைகளைப் பார்த்தார். அவர் குவார்ட்டர்ஸில் இருந்து கற்றுக்கொண்ட தமிழில், “அக்கா, என்னா இது? பிண்டாவா? வீடு மாறுறதா?” என்றார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கோச் கத்துறான். அரை மணி நேரமா எல்லாரும் நிக்கிறோம். இவன் இங்க உக்காந்து சப்பாத்து தொடைக்கிறான்.”

“கோச் எதுக்கு என்னைத் தேடணும்?” என்றார் அப்பா. “என் பேருதான் இல்லையே.”

“யார் சொன்னது?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“பேரு இருக்கு,” என்றார் கோல்கீப்பர். “கீழ இருக்கு. கடைசில.”

அப்பா நம்பவில்லை. அவர்கள் டீமில் இப்படியெல்லாம் விளையாடுவது வழக்கம். “ஓடிப்போய்ப் பாரு,” என்றார் என்னிடம். நான் ஓடினேன். எருமைக் கொட்டில் சந்து வழியாக, சரபத் டீக்கடை பெஞ்சைத் தாண்டி, அங்கே உட்கார்ந்திருந்தவர்களின் காலை மிதித்துக்கொண்டு ஓடினேன். பலகையின் முன்னால் நின்றபோது மூச்சு வாங்கியதில் எழுத்துகள் எனக்கும் ஆடின. கிளார்க்குக்குத் தாளில் இடம் போதாமல் விளிம்பில் நெருக்கி அடித்திருந்தார். அசிஸ்டண்ட் கோச். அதற்குப் பக்கத்தில் அப்பா பேர். படித்ததை நானே நம்பாததால் தாளைப் பலகையிலிருந்து உரித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை யார் ஆடுகிறார்கள் என்று தெரியாமல் பாதி டீம் தவித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அப்பா தாளை மூக்கருகே வைத்துப் பார்த்தார். என்னைப் படிக்கச் சொன்னார். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு பேப்பரைப் பிரித்து, அவ்வளவு பாடுபட்டுத் துடைத்த பூட்ஸை மாட்டிக்கொண்டு, கயிறுகூடக் கட்டாமல், கோல்கீப்பரின் சைக்கிளில் பின்னால் ஏறிப் போனார். அம்மா மூட்டை மேல் உட்கார்ந்தாள். அவ்வளவு நேரம் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் கவனித்தேன். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, திடீரென்று எழுந்து, “ஐயோ, என் சேவல்,” என்று பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

கறிவேப்பிலைச் செடி திரும்பி வந்தது. சேவல் ஒரு கிண்ணம் குழம்பாகத் திரும்பி வந்தது. செடியிலிருந்து பறித்த இலையும் அதில் இருந்தது. அம்மா அதைத் தொடமாட்டேன் என்றாள். பிறகு, அன்றைய சந்தோஷத்தில், கொஞ்சம் தொட்டாள்.

விஷயம் இதுதான். அப்பாவுக்குக் கண் தெரியவில்லை என்று கோச்சுக்கு, லைன்ஸ்மேனுக்குப் பாஸ் போன நாளிலிருந்தே தெரியும். அவரை அசிஸ்டண்டாக எடுத்துக்கொள்ளப் பரிசோதனைக்கு வெகு முன்னாலேயே நினைத்திருந்தார். பின்வரிசை முழுக்க வாய் ஓயாமல் பேசுகிற டீம் சிங்கப்பூரில் அது ஒன்றுதானாம். ஆனால் ஆடிக்கொண்டிருக்கிறவனைக் காரணம் இல்லாமல் உட்காரவைத்தால் அவமானப்படுவான் என்று தயங்கினார். மாதம் ஒரு தடவையாவது அப்பாவிடம், உடம்பு எப்படி, கண் எப்படி, ஓய்வு வேண்டுமா என்று விசாரித்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அப்பா, கழுகு மாதிரி இருக்கிறேன் என்று பதில் சொல்லியிருக்கிறார். கடைசியில் டாக்டரின் தாள் வந்து சேர்ந்தது. கண் தகுதியில்லை, ஞாபகசக்தி அபாரம் என்று அதில் எழுதியிருந்ததாம். கோச் அதைப் படித்துவிட்டு, அணைந்த பைப்பைப் பற்றவைத்தார் என்று கோல்கீப்பர் சொன்னார்.

சென்டர் ஹாஃபையும் யாரும் துரத்தவில்லை. துறைமுகத்தில் அவருக்கு மேஸ்திரி வேலை, இரண்டு அறை வைத்த வீட்டோடு, கிடைத்திருந்தது. அவர் மனைவி அன்று நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது துக்கத்தால் இல்லை. குழாயடியில் எங்கள் வரிசைப் பெண்கள் எல்லாருடனும் அவளுக்குச் சண்டை. அம்மா உட்பட. ஒரு பெண்ணின் கோபத்தைத் தப்பாகப் படித்துவிட்டு, வரிசையே ஒரு வருஷம் பயந்து வாழ்ந்திருக்கிறது.

அடுத்த வாரம் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டார். டிபார்ட்மெண்டே வாங்கிக் கொடுத்தது. அதோடு முதல்முறை திடலுக்கு வந்து, கோட்டோரம் நின்று, இந்தக் கோலிலிருந்து அந்தக் கோல் வரை மெதுவாகப் பார்த்தார். “இத்தனை பேரா ஆடுறோம்?” என்றார்.

அறுபதுகளில் அவர் மூன்று கோச்சுகளின் கீழ் அசிஸ்டண்டாக இருந்தார். தலைமை கோச் பதவியை ஒருமுறை கொடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார். தோற்றால் கோச்சைக் கேட்பார்கள், ஜெயித்தால் சாப்பாடு எல்லாருக்கும் போடுவார்கள் என்பது அவர் கணக்கு. புதிதாக வரும் பேக் ஆட்டக்காரர்களின் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு, பந்தைத் தடு என்பார். ஆரம்பத்தில் தடுக்கி விழுவார்கள், கெட்ட வார்த்தை பேசுவார்கள். பத்து நாளில் ஒருவருக்கொருவர் கத்தத் தொடங்குவார்கள். ஜாலான் புசார் ஸ்டேடியத்தில் ஆட்டம் நடந்தால், கேலரியில் காச்சாங் பூத்தே கடலை விற்கிற பாய்கூட, “இன்னிக்கு உங்கப்பா டீமா? வாசல்லயே கேட்டுச்சு,” என்பார். சொந்த கோல் அடித்தால் பேப்பரில் வேறு யாருடைய பேரோ வந்தது. பிஸ்கட் டின்னில் அதற்குப் பிறகு ஒரு துண்டும் சேரவில்லை. அதுவே அம்மாவுக்குப் பெரிய நிம்மதி.

அந்த டின் இப்போது இல்லை. என் நோட்டும் இல்லை. வரிசை வீடுகளும் எருமைக் கொட்டிலும் இருந்த இடத்தை நான் பஸ்ஸில் கடந்து போகிறேன். எந்த நிறுத்தம் என்று பேத்தியிடம் கேட்டுத்தான்.

ஒரு கேள்வி மட்டும் எனக்கு வெகுகாலம் இருந்தது. அப்பா ஸ்டோர் கிளார்க். நாள் முழுக்க ஆங்கிலச் சீட்டு படிக்கிறவர். லண்டன், அண்ட் சன்ஸ் என்றெல்லாம் வந்தால் அது பரிசோதனைக்கான வரி இல்லை என்று அவருக்குத் தெரியாதா? வயதாக வயதாக எனக்கு ஒரு விடை தோன்றியது. அவருக்கு மறைத்து மறைத்து அலுத்துவிட்டது. யாராவது கண்டுபிடித்துவிடட்டும் என்று, தெரிந்தேதான் அந்தக் கடைசி வரியைச் சொல்லியிருக்கிறார். அந்த வரி ஒரு வாக்குமூலம். எவ்வளவு யோசித்தாலும் இது எனக்குப் பொருத்தமாகவே பட்டது. கொஞ்சம் கண்ணீர்கூட வந்தது.

அப்பா காலமான மறு வருஷம், புக்கிட் மேரா வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது இதை விளக்கமாக, நல்ல தமிழில், அவளிடம் எடுத்துச் சொன்னேன். அம்மா முழுக்கக் கேட்டாள். ஒரு தண்டை ஒடித்துப் போட்டாள்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லடி. பயம் வந்தா அவருக்கு நிறுத்தத் தெரியாது. கல்யாணத்தன்னிக்கு ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல திருப்பிச் சொல்லிக்கிட்டே வந்தாரு. நடுவுல ஐயர், ‘அந்த ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க’ன்னாரு. அதையும் சேர்த்துத்தான் சொன்னாரு.”